துக்க வீட்டில் "வரேன்" சொன்னவன்

செல்வராசு இறந்த துக்கம் கேட்க, இன்று குடவாசலில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அந்தக் காலத்துக் கூலிப் போராட்டத்தில் சிவப்புக் கொடியோடு எங்கள் வயலில் அறுவடையை நிறுத்தியவன் அவன். நான் பண்ணை வீட்டுப் பிள்ளை. பகலில் பேசிக்கொள்ள மாட்டோம். சாயங்காலமானால் சிங்கப்பூர் போய்வந்த பாய் வீட்டில், பழைய பிரிட்டிஷ் காமெடி கேசட்டைச் சேர்ந்து பார்ப்போம்.

கோட்டு போட்ட கனவான்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏதாவது கிறுக்குத்தனம் செய்வார்கள். பாதி இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் செல்வராசு தரையில் உருண்டு சிரிப்பான். கடைசிவரை எங்களுக்குள் இருந்த உறவு அந்தச் சிரிப்புதான்.

இன்று அவன் மனைவிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்தேன்.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். நானோ பழக்கதோஷத்தில் கைகூப்பி, "போயிட்டு வரேம்மா" என்றுவிட்டேன்.

கூடத்தில் இருந்த ஒரு பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவன் மனைவிதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இதப் பாக்க அவரு இல்லாமப் போயிட்டாரே. உருண்டு உருண்டு சிரிச்சிருப்பாரு."

சிரிக்க ஆரம்பித்தவர் அழுதுவிட்டார்.

துக்க வீட்டில் நீங்கள் ஏதாவது உளறியிருந்தால் எழுதுங்கள். அவன் பங்குக்கும் இனி நான்தான் சிரிக்க வேண்டும்.