மலைக்கழுகுக்கு ஒரு நாற்காலி

தபால்தலையைக் கேட்டவுடன் கொடுக்கிற வழக்கம் இட்வல் கிட்டின்ஸுக்குக் கிடையாது. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, "எழுநூறு வருஷம் முன்னால நம்ம இளவரசரு சண்டையில தோத்து ஓடி வந்தப்போ எங்க தண்ணி குடிச்சாரு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். வேல்ஸ் மலையிடுக்கில் நன்ட்கோச் என்ற அந்த ஊரில் இருப்பது நாற்பது வீடு, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு தேவாலயம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மதுக்கடை. சரித்திரம் இல்லாமலே மற்றவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். தபால்கடைக்காரர் இட்வலுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

இட்வலின் கதையில், முதலில் அவர் வீட்டுக் கிணற்றில் இளவரசர் தண்ணீர் மட்டும் குடித்தார். பிறகு குதிரையைக் குளிப்பாட்டினார். போன வருஷம் இரவு தங்கியும் விட்டார்.

"வர்ற வருஷம் உங்க கொள்ளுப்பாட்டியைக் கட்டிக்குவாரு பாருங்க," என்றாள் மனைவி நெஸ்டா.

"உனக்கென்னடி தெரியும்? நீ அடுத்த பள்ளத்தாக்குக்காரி."

அவள் நன்ட்கோச்சுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

இத்தனை பாடும் ஒரு ஓக் மர நாற்காலிக்காக. மார்ச் மாதக் கலைவிழாவில் ஊர்ச் சரித்திரம் எழுதி ஜெயிப்பவருக்கு அதைக் கொடுப்பார்கள். புனைபெயரில்தான் எழுத வேண்டும். வென்ற புனைபெயரை நடுவர் கடைசியில் கூப்பிடும்போது, அதற்குரியவர் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும்; அதுவரை ரகசியம். ஒன்பது தடவை உட்கார்ந்தபடியே இருந்துவிட்டு வீடு திரும்பியவர் இட்வல். இந்த வருஷம் வேறு யாரும் எழுதவில்லை என்று காதில் விழுந்ததுமே சோபாவை வெளியே தூக்கிப் போட்டு இடம் பண்ணிவிட்டார். ஆள் ஐந்தடி உயரமும் ஓயாத இருமலும்; புனைபெயர் மட்டும் 'மலைக்கழுகு'.

விழா நாளில் வெளியூர் நடுவரம்மா மேடையேறினார். "மலைக்கழுகு..." என்றார்.

இட்வல் எழுந்துவிட்டார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வலப்பக்கம் ஒரு கும்பிடு, இடப்பக்கம் ஒரு கும்பிடு. நெஸ்டா அவசரமாகக் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க! இன்னும் முடிக்கல அந்தம்மா!"

"...எழுதின கட்டுரை ஒண்ணுதான் வந்துது," என்று நடுவரம்மா தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார். "எழுநூறு வருஷத்துக் கிணறுன்னு எழுதியிருக்காரு. நேர்ல போய்ப் பாத்தேன். கைப்பிடிச் சுவர்லயே 1931-ல வெட்டினதுன்னு செதுக்கியிருக்கு. இந்த வருஷம் நாற்காலி யாருக்கும் இல்ல."

இரண்டு தேவாலயக் கூட்டமும், ஊர் அறிய முதல் தடவையாக, ஒன்றாகச் சிரித்தது.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இட்வல் விறுவிறுவென்று சுவரோரம் போய் ஜன்னலை அகலத் திறந்தார். சாரல் உள்ளே அடித்து முன்வரிசை நனைந்தது. அதற்கென்றே எழுந்தவர் போல அவர் கையை வெளியே நீட்டி, மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.