சாட்டைப்புழு குடியிருந்த மாதம்

என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனவர். அதனால் எனக்கு ரத்தம் குறைந்து, மலத்தில் சளியும் சிவப்பும் தெரிய ஆரம்பித்தபோது, வீட்டில் நானும் மனைவியும் ஒரு வார்த்தையை மட்டும் உச்சரிக்காமல் ஒரு மாதம் ஓட்டினோம். அவள் திடீரென்று நான் சொல்வதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்குப் பயம் முற்றியது அப்போதுதான்.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் கொலனோஸ்கோபி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. முந்தைய நாள் முழுக்கப் பேதி மருந்து. உடம்பு வெறும் கூடு என்று நிறையப் படித்திருக்கிறேன். அது வெறும் குழாய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அரைமயக்கத்தில் படுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சட்டென்று கேமராவை நிறுத்தினார். அப்பா ஞாபகம் வந்தது.

“சார், முழிச்சிருக்கீங்களா? இங்க பாருங்க, நெளியுது.”

கட்டி நெளியாது என்கிற அளவுக்கு எனக்கு மருத்துவ ஞானம் உண்டு. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. சாட்டைப்புழுவாம். முன்பக்கம் தலைமயிர் மாதிரி மெலிசு. அதைக் குடலின் உள்தோலுக்குள் தைத்துக்கொண்டு, தடித்த பின்பக்கத்தை வெளியே விட்டிருக்கும். அத்தனை பேதியிலும் பிடியை விடவில்லை. பழைய வாடகையில் மயிலாப்பூரில் இருப்பவர்களிடம்தான் இந்த உறுதியைப் பார்த்திருக்கிறேன்.

“வேற ஒண்ணும் இல்லையா டாக்டர்?”

“கும்பலா இருக்கு, அதான் ரத்தம் கம்மி. மத்தபடி க்ளீன் சார்.”

என்னை யாரும் இவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை.

பிறகு அவர் அறையில் மனைவியையும் உட்காரவைத்துக் கேட்டார்: “வெளிய சாப்பிடுவாரா?”

“டீகூடத் தொடமாட்டார் டாக்டர். காலைல வாக்கிங் முடிச்சிட்டு, பார்க் வாசல்ல அருகம்புல் ஜூஸ், அவ்ளோதான்” என்றாள், பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். புழுவின் முட்டை மனித மலத்தோடு மண்ணுக்குப் போகும். ஈரமண்ணில் சில வாரம் கிடந்து முதிரும். சரியாகக் கழுவாத பச்சை இலையோடு மறுபடி ஒரு வாய்க்குள் வரும். “ஜூஸ்லதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா டீன்னா கொதிச்சிருக்கும் சார்.”

இன்னொன்றும் சொன்னார். இந்தப் புழு வயிற்றுக்குள்ளேயே பெருகாது. முட்டை வெளியே போய் மண்ணைப் பார்த்தாக வேண்டும். அப்படியென்றால் அந்தக் கும்பல் மொத்தத்தையும், ஒன்று விடாமல், நானேதான் ஆரோக்கியத்துக்காக விழுங்கியிருக்கிறேன்.

ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் இருந்தால்தான் அதற்கு இருப்பிடம். நாங்கள் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்த இன்னொன்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். மனைவி அவள் அக்காவுக்குப் போன் போட்டு, “ஒண்ணுமில்லக்கா, வெறும் பூச்சிதான்” என்றாள். அப்படியே முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா சார், இன்னா ஆச்சு அவங்களுக்கு?”

“எனக்கு வயித்துல பூச்சிப்பா.”

“அதுக்காம்மா இந்த அழுவ?”

“ஆமாங்க, அதுக்குத்தான்” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”