துவக்குப் படிவத்தில் இரண்டாவது பெயர்

விம்பிள்டனுக்குக் கொஞ்சம் அப்பால், ஒரு விளையாட்டு மைதானத்தின் பின்புறத்தில், தகரக் கூரை போட்ட நீளமான செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. வெளியில் பெயர்ப்பலகை கிடையாது. நான் மின்சார வேலை செய்பவன். உள்ளே விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். அது துவக்குச் சுடும் கழகம் என்று தொலைபேசியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வேலை இருக்கிறது என்றிருப்பேன்.

எரியாத விளக்குகள் கட்டடத்தின் மறுகரையில், இருபத்தைந்து கஜம் தள்ளி, கடதாசி இலக்குகளுக்கு மேலே இருந்தன. மாற்றி முடிக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. கழகத்தின் செயலாளர் எழுபது வயதுக்குக் கிட்டிய ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிச்சம் நன்றாக விழுகிறதா என்று சுடுகிறவர்களுக்குத்தான் தெரியும் என்றார். அடுத்த வியாழக்கிழமை மாலை புதியவர்கள் வந்து சுட்டுப் பார்க்கும் நாள், விரும்பினால் நீங்களும் வரலாம் என்றார். சுவிட்சைப் போட்டுப் பாருங்கள் என்கிற தொனியில்தான் அதையும் சொன்னார்.

ஏன் போனேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறார். வியாழக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், துவக்கைத் தொடச் சட்டத்தில் தடை இல்லாத ஆள் நான் என்று. பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அதை எனக்கு யாரும் பழக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் நான் எடுத்த ஒரே பயிற்சி அதுதான்: ஹெலிகொப்டர் சுட வந்தால் குப்புறப் படுப்பது. இந்தமுறை கீழே பாய் விரித்திருந்தார்கள்.

செயலாளர் அம்மாவே பக்கத்தில் முழங்காலில் இருந்து சொல்லித்தந்தார். துவக்கின் வாய் எப்போதும் இலக்குப் பக்கம் இருக்கவேண்டும். சுடும்வரை விரல் வெளியே இருக்கவேண்டும். சுட்டு முடிந்ததும் துவக்கின் குண்டறையைத் திறந்து, மஞ்சள் நிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, உள்ளே குண்டு இல்லை என்று மற்றவர்களுக்குக் காட்டவேண்டும். நான் முன்பு கண்ட துவக்குக்காரர் ஒருவரும் தங்கள் துவக்கில் குண்டு இல்லை என்று எனக்குக் காட்டியதில்லை. அந்த மஞ்சள் துண்டைப் பார்த்ததும் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். அன்று பத்துச் சூட்டில் நான்கு கடதாசியில் பட்டது. மிச்சம் ஆறும் நான் மாட்டிய புது விளக்குகளில் படவில்லை என்பதில் எல்லோருக்கும் திருப்தி.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் போனேன். பதினைந்து இருபது பேர் வருவார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற பெண், ஒரு பல்கலைக்கழகப் பொடியன். சுடுவார்கள், தேநீர் குடிப்பார்கள், கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களில் மிகப் பெரிய எழுத்தில் இருந்தது குடித்த கோப்பையைக் கழுவி வைப்பது பற்றியது. பொதுத்தேர்தல் நடந்தது ஒரு வியாழக்கிழமையில்தான். பக்கத்து மண்டபத்தில் வாக்குச்சாவடி வைத்ததால் வாகனம் நிறுத்த இடமில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். தேர்தலைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. யார் வென்றது என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

என்னை அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்த நாடு, எப்போது வந்தாய், அங்கே இப்போது எப்படி, ஒன்றும் கிடையாது. சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்கள், வலது கையா இடது கையா என்று கேட்டார்கள். இதன் அருமை எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். இந்த நகரத்தில் நான் சேர்ந்த பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்தது. ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்து, அதில் ஒரு பாதி மறுபடி உடைந்தது. பூப்பந்தாட்டக் கழகம்கூட உடைந்தது. எங்கே போய் உட்கார்ந்தாலும், கோப்பையில் பிளேன்ரீ ஆறுவதற்குள் யாராவது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, நான் எந்தப் பக்கம் என்று நோட்டம் பார்ப்பார்கள். கடைசியில் நான் ஒன்றுக்கும் போகாமல் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறவனாகிவிட்டேன். லண்டனில் பக்கம் கேட்காத ஓர் இடத்தைத் துவக்குக்காரர்களிடம்தான் கண்டுபிடித்தேன்.

நான் இடது கைக்காரன். கழகத்துத் துவக்குகள் எல்லாம் வலது கைக்காரருக்குச் செய்தவை. ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டறையைத் திறக்கிற பிடியை, கையை மறுபக்கம் எட்டிப் போட்டு இழுக்கவேண்டும். இரண்டு வருடம் அப்படியே சமாளித்தேன். பிறகு, அங்கே இருந்த ஒரே இடது கைத் துவக்கின் சொந்தக்காரரான தபால்காரர் டெவன் பக்கம் குடிபோவதாகச் சொன்னார். உனக்கு விருப்பமென்றால் எடுத்துக்கொள், கோடை முடியும்வரை வைத்திருப்பேன் என்றார். எனக்கு விருப்பம். வயது ஐம்பத்தைந்தாகியும் ஒரு பொருளின் மீது இவ்வளவு ஆசை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் சொந்தத் துவக்குக்குப் பொலிஸின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு வைத்தியரின் கடிதம், சுவரோடு இறுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டி, வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் உண்டு. அவற்றோடு, எனக்காகப் பேசக்கூடிய இரண்டு பேரின் பெயர் கொடுக்கவேண்டும். சொந்தக்காரராக இருக்கக்கூடாது, குறைந்தது இரண்டு வருடம் என்னைத் தெரிந்திருக்கவேண்டும். பொலிஸ் அவர்களைக் கூப்பிட்டு, இந்த ஆளை நம்பித் துவக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும். ஒருவர் செயலாளர் அம்மா. மற்றவர் கழகத்துக்கு வெளியே யாராவது. பொலிஸ் மறுத்தால் அது பதிவில் நிற்கும், பிறகு கழகமும் என்னை வைத்திருக்க யோசிக்கும் என்றும் சொன்னார்கள்.

முதலில் என் கணக்காளரிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. நான் ஒண்டும் கேள்விப்படேல்லை."

கோயிலில் பழக்கமான ஒருவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "மறுபடியும் சண்டை துவங்கப் போயினமோ? ஆர் ஆள் சேர்க்கிறது?" என்றார். இல்லை, கடதாசியைத்தான் சுடுகிறது என்றேன். எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டிவிட்டு, தன் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் சந்தோஷமாகச் சம்மதித்தார். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தான் குடிவந்து ஒரு வருடமும் பத்து மாதமும்தான் என்று வருத்தத்தோடு அறிவித்தார். இந்த நாட்டுக்காரரின் நேர்மையில் எனக்கு வந்த கோபங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே வந்திறங்கி முதலில் கொடுத்த அகதி வாக்குமூலத்திலேயே, துவக்கைத் தொட்டதில்லை, தொட்டவனைத் தெரியாது என்று சத்தியம் பண்ணியவர்கள். இப்போது அதே அரசாங்கத்திடம் போய், துவக்கு வாங்கப்போகிற ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லச் சொன்னால் யார்தான் சொல்வார்கள்?

"அவரிட்டைக் கேளுங்கோவன்," என்றார் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டு.

யாரை என்று நான் கேட்கவில்லை. முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையில் என்னோடு இருந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு குளிர்ச்சட்டை இருந்த காலம் அது. பதினாறு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.

ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி மாதங்களில், அதை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக நின்றது. அவருக்கு அச்சகம் இருந்தது. பதாகைகளை எல்லாம் அவரே அடித்து, ஏற்றிக்கொண்டு போக என்னை என் வேலை வானோடு வரச் சொன்னார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அப்படியென்றால் வானை மட்டும் தா என்றார். காப்புறுதி என் பெயரில், வேறு ஆள் ஓட்ட ஏலாது என்றேன். அது உண்மை. நானே ஓட்டியிருக்கலாம் என்பதும் உண்மை. யாரை நம்புவது, எதைச் சொல்லிக் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவருடைய தங்கச்சி ஊரில் ஷெல் விழுந்து செத்துப்போனார். துக்கம் விசாரிக்கப் போனேன். உள்ளே ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டுப் போனேன். வானில் போகவில்லை. இப்போது இருப்பது வேறு வான்தான், என்றாலும் மனம் வரவில்லை. ரயிலில் அப்டன் பார்க் வரை போய் இறங்கி, ஃபாரஸ்ட் கேட் வரை நடந்தேன். அச்சகம் அதே இடத்தில் இருந்தது. அவர் கலியாணக் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். முழுதாக நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் மெஷினை நிற்பாட்டவில்லை.

"என்ன?"

"அண்ணை, ஒரு படிவத்துக்கு உங்கட பேர் வேணும்."

"என்னத்துக்கு?"

"துவக்கு வாங்க."

மெஷினை நிற்பாட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முப்பது வருஷம் பிந்திட்டாய்," என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். கழகம், வியாழக்கிழமை, இடது கை, டெவன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"ஆரைச் சுடுறது?"

"கடதாசியை."

"கடதாசி உனக்கு என்ன செய்தது?"

அவர் ஒரு பழுதான கலியாணக் கார்டை எடுத்து, அதன் பின்புறத்தில் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

"கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன்," என்றார். பிறகு மெஷினைப் போட்டார். இருக்கச் சொல்லவில்லை, தேத்தண்ணி தரவில்லை. நானும் எதிர்பார்த்துப் போகவில்லை.

எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற இடத்தில் முப்பத்துமூன்று வருடம் என்று எழுதினேன். பேச்சுவார்த்தை உண்டா என்று படிவம் கேட்கவில்லை. "அவர் உங்களைத் துரோகி எண்டு சொல்லிப்போட்டா என்ன செய்வியள்?" என்று மனைவி கேட்டார். அவரைக் கேட்கச் சொன்னதே இவர்தான். எனக்கு அதற்குப்பிறகு நித்திரை சரியாக இல்லை. துவக்குப் போனால் போகட்டும். பத்திரம் மறுக்கப்பட்டு, அந்தத் தகரக் கூரையின் கீழ் இனி வராதே என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம்.

பொலிஸ் அதிகாரி வந்தார். மனைவி சப்பாத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினார். இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். நான் பூட்டியது, அசையவில்லை. படிவத்தில் உள்ள இருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் மாலை, கழகத்துக்கு வெளியே வானை நிறுத்தியபோது தொலைபேசி அடித்தது. பெயர் பதிந்து வைக்காத எண். எடுத்தேன்.

"பொலிஸ்காரன் போன் எடுத்தவன்," என்றார் அவர். வணக்கம், சுகம் ஒன்றும் இல்லை.

"ஓம் அண்ணை."

"கோவக்காரனோ எண்டு கேட்டான். கத்துவான், கை நீட்டமாட்டான் எண்டன். குடிப்பானோ எண்டான். கலியாணவீட்டில மட்டும் எண்டன். மனம் உடைஞ்சு போறவனோ எண்டான். மேல்மாடி அறையில ரெண்டு பனிக்காலம் கூட இருந்தனான், தாங்குவான் எண்டன்."

"ஓம்."

"தீவிரமான அரசியல் ஏதும் இருக்கோ எண்டு கேட்டான்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்டுமே இல்லை, அதுதான் எங்கட சண்டை எண்டன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

"வெரி குட் எண்டான்."

பின்னால் அவருடைய மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணை, அண்டைக்கு நான் வந்திருக்க வேணும்," என்றேன்.

"ஓம்," என்றார். "வந்திருக்க வேணும். வைக்கிறன்."

வைத்துவிட்டார். பத்திரம் கிடைக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். இந்த நகரத்தில் என்னைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவர் அந்த ஒருவர்தான். அவரும் சொல்லி முடித்துவிட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். செயலாளர் அம்மா நிமிர்ந்து என் கண்களைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு மூன்றாவது பாய் காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குண்டுகளை எண்ணத் தொடங்கினார். இப்படி ஒன்றும் கேட்காமல் இருக்கிறார்கள் என்பதற்காகத்தான் இரண்டு வருடமாக அங்கே போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும், என்ன நடந்தது என்று ஒரு சொல் கேட்டால் இந்த மனுஷிக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.