கச்சானுக்கும் எனக்கும் பொதுவான விக்கெட்டுகள்

திருகோணமலையில் எங்கள் கிரிக்கெட் கழகத்துக்குக் கடற்கரையோரம் ஒரு மைதானம். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு முனையிலிருந்து பந்து வீசுவது நான்தான். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற அந்தச் சூட்டுக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, நான் போடும் பந்து துடுப்பாட்டக்காரரின் காதைத் தடவிக்கொண்டு போகும். எதிர்முனையில் காற்றுக்கு முகம் கொடுத்துப் போடுகிற தலைவிதி என் மச்சானுடையது. வேகம் எடுபடாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவான். அவன் கண்ணில் மண் விழும், பெயர் எனக்கு வரும்.

ஊரெல்லாம் என்னை வேகப்பந்துக்காரன் என்றது. நானும் நம்பினேன், நம்பாமல் விட எனக்கென்ன விசரா? ஆனால் என் விக்கெட்டுகளில் பாதியைக் கச்சானுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று தேநீர்க் கடையில் ஒரு கதை ஓடியது. சொன்னவர்களில் ஒருவரும் வாழ்நாளில் நேராக ஒரு பந்து போட்டதில்லை. இருந்தும் எனக்குச் சுட்டது, உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தால்.

மாகாணத் தெரிவாளர்கள் வந்த அன்று பேய்க்காற்று. நடுவரின் தொப்பி கடலுக்கே போய்விட்டது. என்னைத் தெரிவு செய்துவிட்டுப் போனார்கள்.

மாகாண அணியில் என் முதல் போட்டி கடலுக்கு எட்டாத ஓர் ஊரில், சுற்றிவர மருதமரங்கள் நிற்கிற மைதானத்தில். இறங்கியதும் விரலை நக்கி மேலே பிடித்துக் காற்றுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எந்த முனை வேண்டும் என்று மட்டக்களப்புக்காரரான அணித்தலைவர் கேட்டார். எதுவானாலும் ஒன்றுதான் என்றேன். அவர் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டார்.

என் புகழ் எனக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முதல் ஆட்டக்காரர் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு பின்காலில் நின்றார். நான் பல்லைக் கடித்து, தோள் கழலப் போட்டேன். பந்து ஆற அமரப் போனது. அவர் துடுப்பை வீசி முடித்த பிறகுதான் அது வந்து ஸ்டம்பைத் தட்டியது.

வெளியேறும்போது அவர் என்னிடம் நின்று சொன்னார்: "நல்ல ஸ்லோ பந்து அண்ணை."

என் முழுப் பலத்தையும் கொட்டிப் போட்ட பந்து அது. நன்றி என்றேன்.

அடுத்தவரும் அப்படியே போனார். மூன்றாமவர் விசயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நாலாபக்கமும் அடித்தார். தலைவரின் முகம் மாறத் தொடங்கியது, இந்த ஓவரோடு நான் வீட்டுக்குத்தான் என்று விளங்கியது. வேகத்தை மறந்துவிட்டு மச்சானைப் போல ஒரே இடத்தில், அவர் காலடியில், திரும்பத் திரும்பப் போட்டேன். அவர் பொறுமையிழந்து தூக்கி அடித்தார். எல்லைக் கோட்டில் பிடித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் இலங்கைத்துறையில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். காற்று விசயத்தில் அவளை ஏய்க்க ஏலாது. மூன்று விக்கெட் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அங்க காத்து அடிச்சதோ?"

இலைகூட ஆடவில்லை என்றேன். பிறகு மனம் கேட்காமல், முதல் இரண்டு பேரும் என் பெயருக்குப் பயந்து ஆட்டமிழந்தவர்கள், மூன்றாமவரிடம்தான் நான் உண்மையில் பந்து வீசினேன் என்பதையும் சொன்னேன். அவள் எடுத்த எடுப்பில் காற்றைக் கேட்டது ஏனென்று யோசித்தேன். தேநீர்க் கடைக் கதை அவள் காதுக்கும் போயிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப அந்த ஒண்டு முழுசா உங்கட," என்றாள். "ஆரும் பங்கு கேக்க ஏலாது. வாங்கோ."