முதல் பிடி ரஃபீனாவுக்கு

நூர் முகம்மதுவின் கடையில் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் முதல் பிடி ரஃபீனாவின் கைக்குத்தான் போகும். பேரீச்சை, அத்தி, பாதாம், உலர்ந்த திராட்சை, எதுவானாலும். பிஸ்மி சொல்லி, பிளேடால் டேப்பைக் கிழித்து, உள்ளே கைவிட்டு அள்ளி மனைவியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவர் தள்ளி நின்றுகொள்வார். அவருக்கு ருசி அறியும் நாக்கு கிடையாது என்பது மட்டாஞ்சேரி பஜார் ரோடு முழுக்கத் தெரிந்த விஷயம். எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கு என்பார். ரஃபீனா மென்று, கண்ணை மூடி, போன வருஷத்துச் சரக்கு என்று சொன்னால் பெட்டி திரும்பிப் போய்விடும். எர்ணாகுளத்து மொத்த வியாபாரிகள் நூர் முகம்மதுவுக்குப் பயப்படுவதில்லை. "இத்தா கடையில இருக்காங்களா?" என்று ரஃபீனாவைத்தான் முதலில் போனில் கேட்பார்கள்.

அவள் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், முப்பத்திரண்டு வயதில், இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். கூட்டமில்லாத மதியங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கடிகாரத்தைத் தேடிச் சுவரைப் பார்ப்பார்கள்.

"கடிகாரம் நாந்தான்" என்பாள்.

அந்த வால்வில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று மாதம் ஒருமுறை சோதித்து ஓர் எண் சொல்வார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் உள்ளே எங்காவது கசியும். கீரையை ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் சாப்பிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரஃபீனா அந்தத் தாளை மீறியதில்லை. பதினான்கு வருஷமும் எண் சொன்னபடி நின்றது.

கோஜி பிற்பாடுதான் வந்தது. போனில் வீடியோ பார்த்தவர்கள் கேட்கத் தொடங்க, நூர் முகம்மது ஒரு பெட்டி வரவழைத்தார். சுருங்கிய, நீளவாட்டில் சின்னதாக, சிவப்புத் திராட்சை போல ஒரு பழம். சீனாவில் கஞ்சியிலும் சூப்பிலும் போடுவார்கள், கண்ணுக்கும் ஈரலுக்கும் நல்லதென்று காலங்காலமாக வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள் என்று கொண்டுவந்தவர் சொன்னார். நூர் முகம்மது அதோடு நிற்கவில்லை. கண்ணாடி போட்டவர் வந்தால் கண்ணுக்கு, காலைச் சாய்த்து நடப்பவர் வந்தால் மூட்டுக்கு.

"முடி கொட்டாதா இக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

வழுக்கை மறையத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு முடி கொட்டாது" என்றார்.

மழைக்காலத்தில் கோஜி வெல்லம் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் எடுத்து ரஃபீனா வாயில் போட்டுப் பார்த்தாள். இனிப்புக்குப் பின்னால் லேசாகக் கசந்தால் சரி, புளித்தால் ஈரம் ஏறிவிட்டது. சாயம் பூசிய சரக்கும் வரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றுவாள். நல்ல பழம் மெல்ல மஞ்சளாகக் கசியும். சாயம் உடனே சிவப்பாகிவிடும். பார்த்து முடித்த தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராமல் குடித்துவிடுவாள். கறுத்துப்போன பழங்களை வாசலில் கறிவேப்பிலை நட்ட பெயின்ட் வாளிக்குள் எறிவாள். அந்த வாளியில் மெல்லிய இலையோடு ஏதோ ஒரு செடி ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஆடி மாதம் எண் நான்கரை காட்டியது. மாத்திரையைக் குறைத்தார்கள். அடுத்த வாரம் ஐந்து புள்ளி எட்டு. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பஸ் கம்பியில் கை லேசாக இடித்த இடம் முழங்கை வரை கத்திரிக்காய் நிறத்தில் பரவியது.

"புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒன்னும் இல்ல டாக்டர். அதே சோறு, அதே மீன்."

அவள் பொய் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில்கூடச் சரக்கு வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவாள். தொண்டையில் இறங்காதவரை நோன்பு முறியாது. இருபது வருஷமாக அப்படிச் செய்து செய்து, சரக்கு பார்ப்பது வேறு, சாப்பிடுவது வேறு என்று அவளுக்குள் ஊறிவிட்டது. மற்ற மாதங்களில் விழுங்குகிறோம் என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

"தலைக்குள்ள கசிஞ்சா நமக்கு நேரம் இருக்காது" என்றார் டாக்டர். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். திங்கட்கிழமை எண் இறங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

இருவரும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் ஸ்டாப்பான சுள்ளிக்கல் வந்ததும் நூர் முகம்மது இறங்க மறந்து உட்கார்ந்திருந்தார். ரஃபீனாதான் தோளைத் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை ரத்தம் எடுக்க, லேபில் வேலை பார்க்கும் அம்ருதா கடைக்கே வந்தாள். ரஃபீனா டம்ளரும் கையுமாக நின்றிருந்தாள்.

"இத்தா, அதென்ன குடிக்கறீங்க?"

"குடிக்கலடி. சரக்கு பாக்கறேன்."

"வாய்க்குள்ள போகுதா இல்லையா?"

"போகும். பின்னே காதாலயா பாப்பேன்?"

"தினமுமா?"

"தினமும் பாக்காம எப்படி விக்கறது?"

அம்ருதா டம்ளரை வாங்கி முகர்ந்தாள். ஜாடியைப் பார்த்தாள். ஊசியைக்கூடப் பிரிக்காமல் டாக்டருக்குப் போன் செய்தாள். பேசப்பேச அவள் முகம் மாறுவதை நூர் முகம்மது பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "இதுவும் அந்த மாத்திரையும் சேரக் கூடாதாம் இத்தா. சேர்ந்தா ரத்தம் உறையாதாம்" என்றாள்.

ரஃபீனா டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக் கல்லாமேல் வைத்தாள். கடையில் அவள் நெஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"முதல் பிடி நாந்தானே அள்ளிக் கொடுத்தேன்" என்றார் நூர் முகம்மது.

"அப்புறம் தினமும் நானாத்தானே எடுத்துத் தின்னேன். பழியை ஏத்துக்கிட்டு நீங்க ஒன்னும் பெரிய ஆளாக வேண்டாம்" என்றாள்.

அன்று எண் ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. டாக்டர் சேரச் சொல்லவில்லை. வியாழக்கிழமை நாலு. அதற்கடுத்த புதன்கிழமை மூன்று புள்ளி ஒன்று. அம்ருதா போனில் அதைச் சொன்னபோது நூர் முகம்மது ஒருவருக்கு அத்திப்பழம் நிறுத்துக்கொண்டிருந்தார். "அல்ஹம்துலில்லா" என்று சத்தமாகச் சொல்லி, தராசில் இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.

கோஜி ஜாடியை அவர்கள் எடுத்துவிடவில்லை. அதன்மேல் எச்சரிக்கையாக ஒரு தாள் ஒட்டினார்கள். தாளை யாரும் படிக்கவில்லை, அதனால் வாங்க வருகிறவர்களிடம் ரஃபீனாவே கேட்டாள். கட்டட மேஸ்திரி செல்லப்பா கால்கிலோ கேட்டு வந்தார்.

"ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை திங்கறீங்களா?"

"இது கடையா ஆஸ்பத்திரியா?"

"திங்கறீங்களா, இல்லையா?"

"திங்கறேன். அதுக்கு?"

"அப்ப உங்களுக்கு அத்திப்பழம்" என்று ஜாடியை மூடினாள்.

அவர் மூன்று நாள் பஜார் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். நாலாவது நாள் சிரிக்காமல் வந்து, தன் மருந்துச் சீட்டை நீட்டி, இதில் வேறு எதெல்லாம் கூடாது என்று கேட்டார். "அது டாக்டர்கிட்ட கேளுங்க, எனக்கு ஒன்னுதான் தெரியும்" என்றாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் வாளிச் செடி பூத்தது. குட்டிக் கத்திரிப்பூ போல ஊதா நிறம். முள் வந்த கொப்புகளை வெட்டப் போன நூர் முகம்மதுவை ரஃபீனா தடுத்தாள். பூக்கள் உதிர்ந்தன. ஒன்று மட்டும் நின்று, காயாகி, சிவந்து தொங்கியது. அப்போதுதான் அது எறிந்த பழத்திலிருந்து முளைத்த கோஜி என்று அவளுக்குப் புரிந்தது.

அதன்பிறகு எண் அசையாததால் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் சோதனை. காலையில் ரத்தம் எடுத்துப் போன அம்ருதா, மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்று, "ரெண்டு புள்ளி எட்டு" என்றாள். ரஃபீனா வாசலுக்குப் போய் அந்த ஒற்றைப் பழத்தைப் பறித்து, கழுவி, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ தின்னு. எப்படி இருக்குன்னு சொல்லு."

அம்ருதா வாயில் போட்டாள். "தக்காளி மாதிரி." முகம் கோணியது. "அய்யோ, பின்னாடி கசக்குது இத்தா."

"கசப்பு நாக்கு நுனியிலயா, அடியிலயா?"

"கசப்புக்கு அட்ரஸ் வேணுமா?"

"வேணும். கண்ணை மூடிக்கிட்டு மெல்லு."

அம்ருதா கண்ணை மூடினாள். "அடியில."

ரஃபீனா தலையாட்டினாள். "வெயில் போதல. இக்கா, வாளியை அந்தப் பக்கம் தள்ளி வைங்க."