ஏரியல் கம்பியில் ஈரத்துணி

1964ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இராஜபாளையத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வடமேற்கே செண்பகத்தோப்பு மலைக்கு மேலே மட்டும் ஒரு கரிய மேகம், வரலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் பத்தொன்பது பேர் உட்கார்ந்து ஒரு பழைய வால்வு ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயது பத்து. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதை இப்போது கிளறிவிட்டது என் பேத்தியின் செல்போன். போன மாதம் ஒரு நாள் காலையில், "தாத்தா, புதுசா ஒரு பாட்டு கண்டுபிடிச்சிருக்கேன், கேளுங்க" என்று வந்தாள். கண்டுபிடித்தது அவள் அல்ல. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். போன்தான் உலகத்தில் உள்ள பாட்டையெல்லாம் சலித்து, உனக்கு இது பிடிக்கும் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறது. பெரிய பாடகர்கள், பேரே கேட்டிராத பாடகர்கள், வீட்டு அறையில் தனியாகப் பாடிப் பதிவு செய்தவர்கள், எல்லோரும் அந்தக் கண்ணாடித் துண்டுக்குள் வரிசையில் நிற்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் விரலால் தள்ளிவிடுகிறாள். ஒரு பாட்டுக்குப் பதினோரு விநாடிகூடக் கொடுப்பதில்லை. நான் எண்ணிப் பார்த்தேன்.

கண்டுபிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்பா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மேஸ்திரி. வெளுத்த பேண்டேஜ் துணியைக் காயப்போடும் களத்தின் ஓரத்திலேயே முதலாளி எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது. அப்பா எங்கேயோ மலிவாக வாங்கி, அந்தக் காலத்து அரசாங்க லைசென்ஸும் கட்டி வைத்திருந்த ரேடியோவை வீட்டில் ஒழுங்காகத் திருப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் சீனாக்காரன். இன்னொரு மயிரிழை திருப்பினால் யாரோ ஒருவர் கணக்கு வாசிப்பதுபோல எண்களை வாசித்துக்கொண்டிருப்பார். நடுவே எங்கோ, சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு, வெளிநாட்டு நிலையம் ஒன்று அரை மணி நேரம் உலகப் பாடல்கள் போடும். முதலில் பேர் பெற்ற ஒருவரின் பாட்டு. பிறகு யாருக்கும் தெரியாதவர்களுடைய பாட்டு. ஒரு மீனவர், ஒரு ரொட்டிக் கடைக்காரர் என்று யார் யாரோ தாங்களே பாடி, தாங்களே நாடாவில் பதிந்து அனுப்பியவை. அறிவிப்பாளர் சொல்லும் நாட்டை என் பள்ளிக்கூட அட்லஸில் தேடி விரலை வைப்பது என் வேலை. பதினெட்டு நாடுகளுக்கு விரல் வைத்திருந்தேன்.

அந்த நிலையத்தை அத்தைக்குக் காட்டிக் கொடுத்தவர் ரேடியோக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் அல்ல. நெற்றியில் திருநீறு இருக்கும். களத்தில் துணி காயும் கொடிகள் கட்டியிருந்த உயரத்துக்கே மூங்கில் நட்டு, புதுச் செம்புக் கம்பியில் அலை பிடிக்கும் ஏரியல் கட்டித் தந்ததும் அவர்தான். அப்படியும் அந்த ரேடியோ ஐந்து மாதத்தில் ஏழு முறை பழுதானது. ஏழு முறையும் வெள்ளிக்கிழமை. மறுநாள் அவர் டவுன் பஸ் ஏறி வருவார். பழுது சரியானதா என்று பார்க்க அந்த அரை மணி நேர நிகழ்ச்சியை முழுசாகக் கேட்டாக வேண்டும் என்பார். அம்மா காப்பி கொடுப்பாள். ஓட்டை ரேடியோவை நம் தலையில் கட்டிவிட்டார்கள், வித்துப்போடுங்கள் என்று அப்பாவிடம் நானே இரண்டு முறை சொன்னேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பாட்டு வந்தது. ஏதோ ஒரு தீவு. அட்லஸில் அது ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு பெண், கூட ஒரே ஒரு தந்தி வாத்தியம். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குரல் மேலே ஏறும். ஏறிய இடத்திலேயே நின்றுவிடும், இறங்காது. படி ஏறத் தூக்கிய காலை அப்படியே வைத்திருப்பதுபோல. அன்று ரேடியோக்காரரும் இருந்தார். பாட்டு முடிந்த பிறகும் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அத்தை பேண்டேஜ் துணி மடிக்கும்போதெல்லாம் அந்த மெட்டைத்தான் முனகினாள்.

"கடுதாசி போட்டா நாம கேட்ட பாட்டை மறுபடி போடுவாங்கலே. பேரையும் வாசிப்பாங்க" என்றாள் என்னிடம். வெளிநாட்டுத் தபாலுக்குக் காசு? என் மண் உண்டியலில் இருந்தது. உடைப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"எம் பேரும் வரணும்."

"கண்டிப்பா எழுதுதேன்லே. போதுமா?"

என் பேர் கடல் தாண்டிப் போய், கடல் தாண்டித் திரும்பி வரப்போகிறது! வகுப்பில் முப்பத்தேழு பேரிடம் சொன்னேன். முப்பத்தாறு பேர் நம்பவில்லை.

ஏப்ரல் கடைசியில் பதில் அட்டை வந்தது. உங்கள் விருப்பப் பாடல் மே 16 அன்று ஒலிபரப்பாகும் என்று நான்கு வரி. தபால்காரர் அதை அத்தையிடம் கொடுக்காமல் களத்தில் நின்ற அப்பாவிடம் கொடுத்துவிட்டார். வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்த அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோ பழுது என்றாலே முகம் சுளிப்பவர், அன்று சாயங்காலமே பாஸ்டர் ஐயா வீட்டுக்கும் முதலாளி வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"எதுக்குண்ணே ஊரைக் கூட்டுதிய? பேரு ரெண்டு நிமிசத்துல வந்து போயிரும்" என்றாள் அத்தை.

"போவட்டுமே. ஏட்டி, பாஸ்டர் ஐயாவுக்கு இங்கிலீசு தெரியும். மொதலாளிக்கும் தெரியும். நமக்கு வெளங்காட்டாலும் அவிய கேட்டுச் சொல்லுவாவ. ஒம் பேரை அவிய காதால கேக்கணும்ட்டி!"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கூச்சம் என்று நினைத்தேன். கடைசி இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய தோசைகளையும் சேர்த்து நான் சாப்பிட்டேன். "ரேடியோக்காரரையும் வரச் சொல்லலாமா?" என்று கேட்டதற்கு, "அவிய வேண்டாம்லே" என்றாள். அது நன்றி கெட்ட பேச்சாக எனக்குப் பட்டது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முதலாளிக்கு நாற்காலி, பாஸ்டர் ஐயாவுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். ரேடியோ சூடேறி, முனகி, பேச ஆரம்பித்தது. அதிசயமாக அன்று ஒரு பழுதும் இல்லை. முதல் பாட்டு ஒரு பெரிய பாடகருடையது. இரண்டாவது பாட்டு ஓடும்போது அத்தை, "காப்பி கொண்டாரேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

"செத்த நேரம் இருட்டி, ஒம் பேரு வரப்போவுது" என்றார் அப்பா.

"வாரேன்ணே."

மூன்றாவது பாட்டும் முடிந்தது. அறிவிப்பாளர் இந்தியா என்று ஏதோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. பாஸ்டர் ஐயா கையைத் தூக்கினார். "சும்மா இருங்க. தென்னிந்தியாவுலேர்ந்து ஒரு கடுதாசின்னு சொல்லுதான்."

எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். ரேடியோ ஒரு முறை டப்பென்றது. பிறகு வெறும் இரைச்சல். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தது போன்ற இரைச்சல்.

அப்பா குமிழைத் திருப்பினார். ரேடியோவின் மண்டையில் தட்டினார். மலைமேல் இடி இடித்திருக்கும் என்றார் முதலாளி. நான் வீட்டைச் சுற்றிக் களத்துக்கு ஓடினேன். ஏரியலின் குறுக்கே முழு நீளத்துக்கு ஈரமான பேண்டேஜ் துணி தொங்கிக்கொண்டிருந்தது. கனம் தாங்காமல் கம்பி இணைப்பில் அறுந்து, ஒரு மூங்கிலும் சாய்ந்திருந்தது.

களத்தில் மூங்கில் கம்பின் நுனியில் துணியை ஏந்தி, உயரத்தில் இருக்கும் கொடிக்கு எறிந்து போடுவார்கள். அந்த வேலையில் கெட்டிக்காரி ஒரு அம்மாள். தெலுங்கு பேசுகிறவள், நாங்கள் பெத்தம்மா என்று கூப்பிடுவோம். மற்ற ஆட்கள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள். காய்ந்த துணியைச் சேர்த்துக்கொண்டு அவள் மட்டும் அங்கே இருந்தாள். கிணற்றடியில் அத்தை நின்றாள். அவள் சேலை முன்பக்கம் நனைந்திருந்தது. காப்பிக்குத் தண்ணீர் இறைத்திருப்பாள்.

பின்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். முதலாளி பெத்தம்மாவைப் பார்த்துக் கத்தினார். "யாரு போட்டது? கம்பிக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"நாகு தெலீது சாமி" என்றாள் அவள். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஏரியலைப் பார்த்தாள். கிணற்றடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தேன் சாமி போட்டேன். கொடின்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

முதலில் பொய், பிறகு உண்மை! பத்து வயதில் நான் ஒரு ஆளை நேரடியாகப் பொய்யில் பிடித்தது அதுதான் முதல் தடவை. "பொய்க்காரி! இவ பொய்க்காரி!" என்று குதித்தேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள் என் பேர் வந்து, போய், காற்றில் கரைந்திருக்கும்.

துணியில் செம்புக் களிம்பு பச்சைக் கோடாக ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி; கோடு விழுந்தால் கழிவுதான். பெத்தம்மாவுக்கு ஒரு வாரக் கூலியைப் பிடித்தார்கள். எனக்கு அது போதாது என்றிருந்தது. திங்கட்கிழமை அத்தை, கிறிஸ்துமஸுக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த தன் சேலையை அவளிடம் கொடுத்தாள். தண்டிக்க வேண்டியவளுக்குப் புதுச் சேலை! நான் அத்தையோடு நான்கு நாள் பேசவில்லை. பெத்தம்மாவோடு அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பாஸ்டர் ஐயா முன்னால் அவமானம் என்று அப்பா அடுத்த வாரமே ரேடியோவை விற்றார். ரேடியோக்காரர் அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். வெள்ளைச் சட்டை, புதிது. அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தி, "செட்டு இல்ல தம்பி, வித்தாச்சு" என்றார். அவர் சாய்ந்து கிடந்த மூங்கிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நல்ல வாடிக்கை போன வருத்தம் என்று நினைத்தேன். ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் சபையைச் சேர்ந்த வாத்தியார், அவருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

பேத்தியின் போனில் போன மாதம் வந்தது அந்த மெட்டு. அதே தீவாக இருக்க வேண்டும். யாரோ ஒரு சின்னப் பெண் தன் வீட்டில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள். பின்னால் நாய் குரைப்பதுகூடக் கேட்கிறது. அடியின் கடைசியில் குரல் ஏறி, இறங்காமல் நின்றது. தள்ளப் போன பேத்தியின் விரலைப் பிடித்துக்கொண்டேன். அன்றே போனைப் பிடுங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ரேடியோ கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. மாமா போய் ஒன்பது வருடம். காது இன்னும் பழுதில்லை. பாட்டைப் போட்டேன். முடியும்வரை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஈரத்துணி எம்புட்டு கனம் தெரியுமாலே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மூணு தடவை எறிஞ்சேன். மொத ரெண்டு தடவையும் கீழ விழுந்துட்டு. பெத்தம்மா எப்படித்தான் நாள் பூரா எறிஞ்சாளோ. கையி ரெண்டு நாளா வலிச்சுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கத்தினேன் என்றே நினைக்கிறேன். "அறுபத்தோரு வருசமா சொல்லலையே அத்தை! அந்தப் பெத்தம்மாவ நான் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கேன். அவ செத்தே முப்பது வருசம் ஆச்சு!"

"நீ எங்கலே கேட்ட? நீதான் கண்ணால பாத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே."

"அம்புட்டு ஆசைப்பட்டுக் கடுதாசி போட்டுட்டு, நீயே கேக்காமப் பண்ணிட்டியே?"

அவள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு தானாக ஓட ஆரம்பித்திருந்தது. "நம்ம வீட்டுக் கம்பிதானலே அறுந்துச்சு. புத்தூர்ல கடையில கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. கேக்க வேண்டிய ஆளு கேட்டிருக்கும்."

வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. ஏழு வெள்ளிக்கிழமைகளும் வந்தன. உட்கார்ந்தேன். ஆனாலும் கோபம் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்டாக வேண்டியிருந்தது.

"சரி. எம் பேரையும் வாசிச்சிருப்பான்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். எண்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷிக்கு அப்படிச் சிரிப்பு வரக்கூடாது.

"ரெண்டு பேருதான்லே எழுதினேன்."

உண்டியல் உடைத்த காசு, ஒன்றும் மிச்சமில்லாமல், எண்பத்தைந்து காசு.