பொருத்தனைச் சேவலுக்கு வைத்த புழு

"பரிதாபி வருஷம், ஆனி மாதம், சனிக்கிழமை. அடுத்த வீட்டுச் சேவலுக்கு மீன்குடல் புழு வைத்தேன்." அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு இது. எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். கொழும்புக்குக் கப்பலேறிய மகன் சுகமாகப் போய்ச் சேர்ந்தால், கிறிஸ்தவக் கோயிலின் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொடுப்பதாக அடுத்த வீட்டு அம்மாள் பொருத்தனை செய்திருந்தாள். மகனுடைய காகிதம் வந்துவிட்டது. சேவல்தான் தேறவில்லை.

எங்கள் பக்கத்தில் கோழிக்குக் கரையான் பிடிப்பது வழக்கம். பழைய பானையில் சாணியும் கூளமும் திணித்து, நனைத்து, தரையில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறிவிடும். அந்த ஆனியில் காற்று வறட்டியது. அவள் கவிழ்த்து வைத்த பானைதான் காய்ந்தது, கரையான் ஏறவில்லை. அழுகிய இறைச்சியில் புழு வளர்த்துக் கோழிக்குக் கொடுப்பதைப் பற்றி நான் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். உவரியிலிருந்து சந்தைக்கு வண்டியில் வரும் மீனின் குடலை வாங்கிவந்து, அவளுடைய பானையிலேயே போட்டு வைத்தேன்.

"நாத்தம் கொடலப் புடுங்குது அண்ணாச்சி. சேவலுக்கு முன்னால நாம பொட்டியில கோயிலுக்குப் போயிருவோம் போலுக்கு" என்று சிரித்தாள்.

"பைய பாரு தங்கச்சி. பண்டிகைக்குள்ள கொழுத்துரும்."

புழு வெள்ளை வெளேரென்று நெளிந்தது. சேவல் ஆசையாகத் தின்றது. மிச்சத்தை என் கோழிகளுக்கும் போட்டேன். பண்டிகைக்குச் சில நாள் இருக்கையில் அதன் கழுத்து துவண்டு, அலகு மண்ணில் பட்டது. மறுநாள் செத்துப்போயிற்று.

என் வீட்டுச் சேவலைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"நான் பொருத்தனைன்னு சொன்னது அதத்தான அண்ணாச்சி. ஒங்க சேவலு ஒங்களுக்குத்தான்." பிறகு, "ஆண்டவர் கோவிச்சுக்கிடுவாரோ? பிள்ள அங்கன தனியால்லா கெடக்கான்" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பண்டிகைக்கு அவள் வெறுங்கையோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அதன்பின் தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் அவள் வாசலுக்கு வருவாள். நான் உள்ளே போய்விடுவேன். மகனுடைய அடுத்த காகிதம் கார்த்திகையில்தான் வந்தது. அதுவரை நான் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வந்த பிறகும் பழையபடி பேச வாய் வரவில்லை.

அதே ஆனியில் தச்சநல்லூரில் கோழிகளுக்குச் சீக்கு வந்ததென்று கேள்விப்பட்டு, போய் விசாரித்தேன். சிலர் ஆமென்றார்கள், சிலர் அது முந்தின வருஷம் என்றார்கள். அதே புழுவைத் தின்ற என் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சேவல் என் புழுவால் செத்ததா, சீக்கால் செத்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.